‘அதே பேட்ச்தானுங்க’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்: எனக்கு 42,000 ரூபாய் போச்சு

போனது 42,000 ரூபாய். நேற்றுத்தான் டைல்ஸ் கடையில் கடைசியாகக் கைவிரித்தார்கள். சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் பதினாறு வருசமாக டைல்ஸ் ஒட்டுகிறேன். பெருந்துறையில் ஒரு வீடு, மெட்டீரியலோடு சேர்த்துப் பேசிய வேலை. ஹாலுக்கு 2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைடு டைல்ஸ் 40 பெட்டி. பைபாஸ் ஓரத்தில் ஒரு மொத்த விற்பனைக் குடோனில் எடுத்தேன். 32 பெட்டிதான் வந்தது. மீதி 8, நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் இழுத்தது.

நேரில் போனேன். முதலாளியே எழுந்து வந்து நாற்காலி போட்டு டீ சொன்னார். ஒரு பெட்டியைப் பிரித்து, நான் கொண்டுபோன துண்டுக்குப் பக்கத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது. மற்ற பெட்டிகளில் பேட்ச் நம்பர் இருக்கும் இடத்தில் பழுப்பு டேப். பார்த்தேன், கேட்கவும் கேட்டேன். “லாரியில நனைஞ்சு பிஞ்சிருச்சுங்க, அதான் ஒட்டிருக்குது. ஏனுங்க மேஸ்திரி, உங்களுக்குப் போய் மாத்திக் குடுப்பனுங்களா? அதே பேட்ச்தானுங்க.” கையில் டீ. தலையாட்டிவிட்டேன்.

பேட்ச் என்றால் ஒரே தடவையில் சுட்டெடுத்த சரக்கு. சூளையில் ஒவ்வொரு தடவையும் நிறம் கொஞ்சம் மாறும், அளவும் இம்மி மாறும். இது எனக்குத் தெரியாததா? ஹெல்பர் பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பதுதான்.

புதுமனை புகுவிழாவுக்கு நாலு நாள்தான் இருந்தது. ராத்திரியே ஃபோகஸ் லைட் போட்டு ஒட்டி முடித்தோம். ரசமட்டம் வைத்தால் குமிழி அசையவில்லை. காலையில் வீட்டுக்காரர் கிழக்கு வாசலைத் திறந்தார். வெயில் உள்ளே விழுந்ததும் கடைசி மூன்று வரிசை மட்டும் பழுப்பேறிய வேட்டி மாதிரி தனியாகத் தெரிந்தது. “ஏனப்பா, ஹால்ல வரப்புக் கட்டி வெச்சிருக்கற?” என்றார். பசை போட்டு ஒட்டியது. பெயர்த்தால் முழுசாக ஒன்றும் வராது. எனக்குத் தர வேண்டிய பாக்கி 42,000 ரூபாயை நிறுத்திக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கடைக்கு ஃபோன் போட்டால் முதல் நாள் “காலையில வாங்க, பார்த்துக்கலாம்”. போனால் முதலாளி ஈரோடு போய்விட்டார். அடுத்து, கம்பெனி ஆள் குஜராத் மோர்பியில் இருந்து வந்து பார்க்க வேண்டுமாம். நேற்று, டீ வாங்கிக்கொடுத்த அதே ஆள் உட்காரக்கூடச் சொல்லவில்லை. “ஒட்டறதுக்கு முன்னால பார்க்கோணும்னு பெட்டி மேலயே போட்டிருக்குதல்லங்க?” போட்டிருக்கிறதுதான், டேப்புக்குப் பக்கத்திலேயே. பில்லைக் காட்டச் சொன்னார். பில் போட்டால் ஜிஎஸ்டி 18 சதவீதம் ஏறும் என்று அவர் சொன்னதைக் கேட்டு வெறும் துண்டுச்சீட்டு வாங்கி வந்த புத்திசாலி நான். அதில் பேட்ச் நம்பரும் இல்லை, கடைப் பேரும் இல்லை.

பத்து யோசனையாவது எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது தோன்றுவது இவ்வளவுதான். எல்லாப் பெட்டியிலும் பேட்ச், ஷேடு இரண்டையும் படியுங்கள். டேப் ஒட்டியிருந்தால் இறக்கவே விடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் பரப்பிப் பார்க்காமல் பசை கலக்காதீர்கள். வேண்டியதை ஒரே தடவையில், ரெண்டு பெட்டி கூடவே எடுங்கள். பேட்ச் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் வாங்குங்கள்.

அந்த 42,000 ரூபாயில் ஹெல்பர் ரெண்டு பேர் கூலியும் இருக்கிறது. டேப்போடு ஒரு பெட்டி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் போகிறேன்.