செம்பு பஸ்பாரா, அலுமினிய பஸ்பாரா?

பேனல் போர்டு கொட்டேஷன் கைக்கு வந்ததும் பலரும் தடுமாறும் இடம் இது. பஸ்பார் என்பது உள்ளே வரும் மின்சாரத்தை வாங்கி எல்லா பிரேக்கர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் உலோகப் பட்டை. சரி, அதை எதில் போடுவது?

கடத்துதிறன்: செம்பு 100 என்றால் அலுமினியம் சுமார் 61. அதே மின்தடை வேண்டுமானால் அலுமினியப் பட்டையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய 1.6 மடங்கு இருக்க வேண்டும்.

எடை: அவ்வளவு பெரிதாகப் போட்டாலும் செம்பில் பாதிதான்.

விலை: அலுமினியம்தான், பேச்சே இல்லை.

இணைப்பு: வம்பு இங்கேதான். அலுமினியத்தைத் தேய்த்த உடனேயே மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் மேலே படியத் தொடங்கிவிடும். அதனால் கம்பி பிரஷால் தேய்த்த கையோடு ஜாயின்ட் காம்பவுண்டு (காற்றுப் படாமல் காக்கும் பசை) தடவி, போல்ட்டை டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளக்கும் ரெஞ்ச்) சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும். அலுமினியம் சூட்டில் செம்பைவிடக் கூடுதலாக விரியும். போல்ட் அழுத்தத்தில் நாளடைவில் அமுங்கியும் கொடுக்கும். இதைச் சமாளிக்கத்தான் கிண்ண வாஷர், ஸ்பிரிங் மாதிரி அழுத்தத்தை விடாமல் பிடிக்கும். அது போடாத ஒரு ஜாயின்ட்டைத் திறந்து பார்த்திருக்கிறேன்: பட்டை மேல் போட்ட காப்பு ஸ்லீவ் பழுப்பேறிச் சுருங்கி, போல்ட் கையால் திருகினாலே சுழன்றது. அப்புறம், செம்பும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டால் ஈரக்காற்றில் அலுமினியம்தான் அரிக்கும். நடுவே பைமெட்டல் தகடோ (ஒரு பக்கம் செம்பு, மறுபக்கம் அலுமினியம்) வெள்ளீயப் பூச்சோ தேவை.

இடம் குறுகலான பேனல், அடிக்கடி கழற்றி மாட்டும் இணைப்புகள், கடலோர ஆலை என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு. நீளமான பஸ் டக்ட் (பஸ்பார்களை உள்ளே வைத்துக் கொண்டுபோகும் உலோகக் கூடு), தாராளமான இடம், வருடம் ஒருமுறை ஜாயின்ட் பார்க்க ஆள் இருந்தால் அலுமினியமே போதும்.