வீட்டுக் காப்பீடு எட்டு வருடம், வீட்டுக்குள் தண்ணீர் மூன்று முறை: எப்போது கிளைம் போட்டேன், எப்போது விட்டேன்

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் வீடு கட்டி நாங்கள் குடிவந்தது 2017-ல். வங்கிக் கடனோடு சேர்ந்தே வீட்டுக் காப்பீடும் வந்தது. கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான் அன்று எனக்குத் தெரியும். எட்டு வருடத்தில் மூன்று முறை தண்ணீர் வீட்டைக் கெடுத்திருக்கிறது. இரண்டு முறை கிளைம் போடவில்லை, ஒரு முறை போட்டேன். நடுவில் வந்ததை நினைத்தால் இன்னும் வருத்தம் இருக்கிறது.

முதலாவது 2019. சமையலறைச் சுவரில் தரையிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டே போனது. எங்கள் ஊரில் ஓதம் என்றால் சுவர் ஈரமும் அதுதான், கடல் ஏற்றமும் அதுதான். ஆறு மாதம் பெயின்ட் அடித்து மறைத்தோம். கொத்தனார் வந்து சுவரை உடைத்தபோது உள்ளே போன இரும்புக் குழாய் சல்லடையாகக் கிடந்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, இரும்பைத் தின்றுவிடும். செலவு ஒன்பதாயிரம் சொன்னார். "இன்சூரன்ஸ் இருக்குல்ல டீச்சர், போட்டுப் பாருங்க" என்றார்.

அன்று இரவுதான் பாலிசியை முதன்முறையாக முழுக்கப் படித்தேன். தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்தாலும் நிரம்பி வழிந்தாலும் பணம் உண்டு. நாள்பட்டுத் தேய்ந்து, துருப்பிடித்து, மெல்லக் கசிந்தால் கிடையாது. எங்கள் சுவரில் ஆறு மாதக் கறை அடுக்கடுக்காக இருந்தது. அதை நேற்று வெடித்த குழாய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொன்னாலும் நிற்காது. இரும்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டோம். கிளைம் போடவில்லை.

இரண்டாவது 2020 டிசம்பர். புரெவி புயல் பாம்பன் பக்கத்திலேயே நகராமல் நின்று மழையைக் கொட்டியது. மொட்டை மாடியில் தண்ணீர் இறங்கும் குழாய் வாயைச் சருகு அடைத்துக்கொண்டது. மாடிப்படி வழியாகத் தண்ணீர் கூடத்துக்குள் இறங்கியது. சுவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கட்டில் மெத்தை, அம்மாவின் மர பீரோ, அதில் இருந்த புடவைகள் எல்லாம் போயின. வங்கிக் கிளையில் கேட்டேன். "உங்க பாலிசி கட்டடத்துக்கு மட்டும்தாங்க, சாமான் இதுல இல்ல" என்றார்கள். கடன் கொடுக்கும் வங்கிக்குக் கட்டடம் முக்கியம், என் பீரோ முக்கியமில்லை. மூன்று வருடம் பணம் கட்டியிருக்கிறேன், ஒரு முறையாவது கேட்டிருக்கலாம். அம்மா அந்த பீரோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அடுத்த புதுப்பிப்பில் பாரத் கிருஹ ரக்ஷாவுக்கு மாறினேன். 2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த பொதுவான வீட்டுப் பாலிசி இது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். கட்டடத்துக்கு எடுத்தாலே, அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், வீட்டுச் சாமானுக்குத் தானாகவே சேர்ந்துவிடும். புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் உள்ளேயே வரும். கடற்கரையில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. காப்பீட்டுத் தொகையை நிலத்தின் விலையைச் சேர்த்துப் போடக் கூடாது. வீட்டின் பரப்பு, இன்றைக்குச் சதுர அடிக்கு என்ன கட்டுமானச் செலவு, அவ்வளவுதான் கணக்கு.

மூன்றாவது 2024 நவம்பர் 20. இந்தத் தீவில் இருப்பவர்கள் யாரும் அந்த நாளை மறக்க மாட்டார்கள். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, எங்கள் தங்கச்சிமடத்தில் 30-ஐத் தாண்டியது. மதியத்துக்குள் தெருத் தண்ணீர் வாசற்படி ஏறி, கூடத்தில் முழங்கால் அளவு நின்றது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மின் இணைப்புப் பெட்டி எல்லாம் முழுகின.

மறுநாள் எல்லோரும் வாளியும் துடைப்பமுமாக இறங்கினார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "முதல்ல கழுவி விடு, நாத்தம் எடுக்கும்" என்றார். நான் கழுவவில்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி ஒவ்வொரு சுவரையும் ஒவ்வொரு சாமானையும் படம் எடுத்தேன். சாமானின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் எண்ணையும் சேர்த்து எடுத்தேன். அதன் பிறகே நிறுவனத்தின் எண்ணுக்குப் பேசி கிளைம் எண் வாங்கினேன். சேதம் கூடாமல் தடுக்க வேண்டியது நம் பொறுப்பு, அதனால் சேற்றை வெளியேற்றலாம். சாமானைத் தூக்கிப் போடவோ சுவரை உடைக்கவோ மட்டும், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை கூடாது.

மதுரையிலிருந்து சர்வேயர் ஆறாம் நாள் வந்தார். அந்த ஆறு நாளும் நாங்கள் உறவினர் வீட்டில் இருந்தோம். அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வேறு. கிளைம் போடலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் இந்தக் காத்திருப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பத்தாயிரத்துக்குள் முடியும் சேதம் என்றால் நான் போட மாட்டேன். கையிலிருந்து செய்துவிட்டு வீட்டை உலர வைப்பேன்.

வடக்கு அறையில் அவர் நின்றார். "இந்தக் கறை எப்ப இருந்து இருக்கு டீச்சர்?" மேல்தளத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்த இடம் அது, இரண்டு வருடமாக ஒழுகுகிறது. வெள்ளத்தோடு சம்பந்தமில்லை. "அது பழசு சார், அதைக் கணக்குல சேர்க்க வேண்டாம்" என்றேன். அந்தப் பதில்தான் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றியது என்று நம்புகிறேன். அப்புறம் அவர் நான் சொன்ன எதையும் இரண்டாம் முறை கேட்கவில்லை. மழை அளவு, மெக்கானிக் எழுதிக்கொடுத்த பழுது அறிக்கை, எலக்ட்ரீசியன் மதிப்பீடு, பழைய ரசீதுகள் எல்லாவற்றையும் வரிசையாகக் கொடுத்தேன்.

நான் கேட்டது 1,18,000. வந்தது 84,000 சொச்சம். இடிபாடு அகற்றும் செலவு கிளைம் தொகையில் 2 சதவீதம் வரை சேரும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது: பாலிசியில் வங்கியின் பெயர் இருந்ததால் பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போய்விட்டது. பழுதுபார்த்த ரசீதுகளோடு கிளையில் கடிதம் கொடுத்து என் கணக்குக்கு மாற்றிக்கொள்ள இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் கொத்தனாருக்கும் எலக்ட்ரீசியனுக்கும் நகையை வைத்துத்தான் கொடுத்தேன். கடன் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே கிளையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நியாயமான கிளைமை மறுத்துவிட்டால் அதோடு விடாதீர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

சென்ற மாதம் கடனை முடித்தேன். வங்கியின் பெயரைப் பாலிசியிலிருந்து எடுக்கச் சொல்லி கடிதமும் கொடுத்தாயிற்று. வாடைக் காற்று தொடங்கும் முன் புரட்டாசியிலேயே எல்லா அறைகளையும் காய்ந்த நிலையில் படம் எடுத்து வைத்துவிடுகிறேன். வடக்கு அறைத் தளத்துக்குக் கொத்தனார் அடுத்த வாரம் வருகிறார். அது என் செலவு.