தொப்பைக்குக் கீழே ஒரு துப்பாக்கி: ஏழு வருட அனுபவம்

என் இடுப்பளவு என்ன என்று கேட்டால் என்னிடம் இரண்டு பதில் உண்டு. பேன்ட் வாங்கும்போது 42. தொப்புளைச் சுற்றி டேப் வைத்தால் 49. தொப்பை உள்ள ஆண்கள் எல்லோருக்கும் இந்த இரட்டைக் கணக்கு தெரியும். பேன்ட்டை தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு, பத்து வருடமாக சைஸே ஏறவில்லை என்று சொல்லித் திரிகிறவர்கள்தானே நாம். இடுப்பில் கைத்துப்பாக்கியை மறைத்து வைக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த ஏழு அங்குலம் என்ன பாடு படுத்தும் என்று தெரிந்தது.

இருப்பது டெக்சஸில், ஹூஸ்டன் பக்கம். மச்சானும் நானும் சேர்ந்து பெட்ரோல் பங்க்கோடு ஒரு சின்னக் கடை நடத்துகிறோம். இரவு 11 மணிக்குக் கல்லாவைப் பூட்டிவிட்டுத் தனியாகக் கார் வரை நடப்பது பெரும்பாலும் நான்தான். எச்-1பி விசாவில் இருந்த காலத்தில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அந்த மாதிரித் தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பது, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். இது நம் ஆட்கள் பலருக்குத் தெரியவில்லை என்பதால் சொல்லி வைக்கிறேன். கிரீன் கார்டு வந்தபின் வகுப்புக்குப் போய், 3, 7, 15 கஜ தூரங்களில் 50 குண்டு சுட்டு, 250க்கு 175 எடுத்தால் பாஸ் என்கிற தேர்வையும் முடித்து லைசென்ஸ் வாங்கினேன். 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள, 21 வயது நிரம்பியவர் லைசென்ஸ் இல்லாமலே எடுத்துச் செல்லலாம் என்று ஆகிவிட்டது. ஆனாலும் நான் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பக்கத்து மாநிலங்களுக்குப் போகும்போது அந்த அட்டை உதவும்.

முதல் தப்பு, சின்னத் துப்பாக்கி வாங்கியது. குண்டான ஆளுக்குச் சின்னதுதான் மறையும் என்று கடைக்காரர் சொன்னார், எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஐந்து குண்டு பிடிக்கும் குட்டி ரிவால்வர். பேன்ட்டுக்குள் செருகும் உறையில் முன்பக்கம் வைத்தேன். நின்றால் தொப்பை அதன் தலையை வெளியே தள்ளும், உட்கார்ந்தால் இன்னும் தள்ளும். குழல் குட்டை என்பதால் பெல்ட்டுக்குக் கீழே பிடித்து நிறுத்த ஒன்றுமே இல்லை. எடை முழுக்க மேலே. சட்டைக்குள் யாரோ முஷ்டியை மடக்கி வைத்த மாதிரி இருந்தது.

அப்புறம் வாங்கியது கிளாக் 19 என்கிற நடுத்தர அளவுக் கைத்துப்பாக்கி. நாலு அங்குலக் குழல், வெறும் துப்பாக்கியே சுமார் 600 கிராம், 15 குண்டும் போட்டால் 850 கிராம் பக்கம் வரும். பெரியது, கனமானது, ஆனால் உடம்புக்கு இதுதான் சுகமாக இருந்தது. முதலில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. சட்டை வழியாகத் துருத்திக் காட்டிக்கொடுப்பது கைப்பிடிதான், குழல் இல்லை. குழல் நீளமாகப் பேன்ட்டுக்குள் இறங்கினால் அது தொடையோரம் அழுந்தி, மேல்பக்கத்தை உடம்போடு சாய்த்துப் பிடிக்கிறது. குண்டானவர்கள் குழலைச் சுருக்கக் கூடாது. சுருக்குவதென்றால் கைப்பிடியைச் சுருக்குங்கள்.

முதல் இரண்டு வருடம் வலது இடுப்புக்குப் பின்னால், கடிகாரத்தில் 4 மணி இருக்கும் இடத்தில் வைத்திருந்தேன். தடித்த ஆட்களுக்கு எல்லோரும் சொல்லும் இடம் அதுதான். நிற்கும்போது அருமை. கைப்பிடி முன்பக்கம் பார்க்கும்படி 15 டிகிரி சாய்த்தால் இடுப்புச் சதையோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் கடையில் நிற்பதே வேலை இல்லையே. தண்ணீர் பாட்டில் கட்டைத் தூக்கக் குனிந்தால் சட்டை இழுபட்டு முதுகில் ஒரு கூம்பு எழும். காரில் சீட் பெல்ட் போட்டபின் அந்த இடத்துக்குக் கை போகவே போகாது. முதுகு சொறியவே மனைவியைக் கூப்பிடுகிற ஆள் நான்!

சரி என்று மறுபடி முன்பக்கம். பெரிய வயிறு இருந்தால் முன்பக்கம் சரிவராது என்பார்கள். சரிவரும், ஆனால் உறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்த வேண்டும். முதல் திருத்தம் ஆப்பு. உறையின் அடிப்பக்கத்தில், உடம்பைத் தொடும் பக்கம், மெத்தென்ற ஒரு துண்டை ஒட்டினால் அது குழலின் நுனியை வெளியே தள்ளும், கைப்பிடி தானாக உள்ளே சாயும். கடையில் விற்கிறது, ஆனால் என் முதல் ஆப்பு பழைய ரப்பர் செருப்பின் குதிகாலை வெட்டி வெல்க்ரோ போட்டு ஒட்டியது. இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. இரண்டாவது, உயரம். உறையை ஒரு சென்டிமீட்டர் மேலே ஏற்றினால் உட்காரும்போது நுனி தொடையிடுக்கில் குத்தாது, ஆனால் தொப்பை தள்ளும். ஒரு சென்டிமீட்டர் இறக்கினால் தொப்பைச் சதை கைப்பிடிமேல் உட்கார்ந்துகொண்டு விரல் நுழைய விடாது. இதில் ஊர் அளவு என்று ஒன்று கிடையாது, அவரவர் வயிற்றின் அளவுதான். நடு மத்தியிலிருந்து வலப்பக்கம் இரண்டு விரல் தள்ளி வைத்ததில் எனக்கு உட்காரும் பிரச்சினை பாதி தீர்ந்தது.

சாதாரணத் தோல் பெல்ட் இந்த எடைக்கு ஒரே மாதத்தில் தொய்ந்துபோகும். உள்ளே விறைப்பான பட்டை வைத்த, ஒன்றரை அங்குல பெல்ட் வாங்குங்கள். உறை உள்ளே போவதால் பேன்ட் சைஸும் இரண்டு அங்குலம் கூடும். அதுவரை காத்த 42 அன்றோடு போயிற்று.

ஆனால் நிஜமான நிம்மதி வந்தது துப்பாக்கியைப் பேன்ட்டிலிருந்து பிரித்த பிறகுதான். உறைக்கென்று தனியாக ஒரு மெல்லிய பெல்ட், அது பேன்ட்டுக்குள் உடம்போடு சுற்றிக்கொள்ளும், தொடையில் ஒரு சின்ன வார். இந்த வகையில் பெயர்பெற்றது பிலிஸ்டர் எனிக்மா. முதல் நாள் மாட்டிப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அரைஞாண் கயிறு. நம் பாட்டிகளுக்கு அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது, எவ்வளவு தொப்பை விழுந்தாலும் அசையாமல் கயிறு நிற்கும் இடம் ஒன்று உண்டு என்று. பேன்ட் நாள் முழுக்க நழுவும், நாம் இழுத்து விடுவோம். துப்பாக்கி அதோடு ஏறி இறங்காமல் வைத்த இடத்தில் இருக்கும். நாடா வைத்த பேன்ட்டோடுகூடப் போடலாம். ஹூஸ்டன் ஆகஸ்ட் வெயிலில் மட்டும் பனியன்மேல் மாட்டாவிட்டால் இடுப்பைச் சுற்றி வேர்க்குரு நிச்சயம். வியர்வையில் இரும்பும் துரு ஏறும், வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுகிறேன்.

இடையில் எலாஸ்டிக் இடுப்புப் பட்டை ஒன்றுக்கும் பணம் போனது. துணி மட்டும்தான், ட்ரிகரை மூடக் கெட்டியான எதுவும் இல்லை. மெத்தென்று இருக்கிறது என்பதற்காக அதை வாங்காதீர்கள். ட்ரிகர் இருக்கும் பகுதி முழுக்க கைடெக்ஸ் என்கிற கெட்டியான பிளாஸ்டிக்குக்குள் இருக்க வேண்டும், அதில் பேரம் கிடையாது.

நமக்கே உரிய இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. ஒல்லியானவர் குனிந்து பார்த்தால் உறையின் வாய் தெரியும். நமக்குத் தொப்பை மறைக்கும். ஒருநாள் சுடும் பயிற்சியில் துப்பாக்கியைத் திரும்பச் செருகப் போனபோது பனியன் ஓரமும் கூடவே உள்ளே போகப் பார்த்தது. பயிற்சியாளர் போட்ட சத்தத்தில் கை அப்படியே நின்றது. துணி ட்ரிகரில் மாட்டினால் என்ன ஆகும், குழல் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அன்றிலிருந்து காலையில் உறையைக் கழற்றி, துப்பாக்கியை அதில் வைத்தபின் மொத்தமாக மாட்டிக்கொள்கிறேன். பயிற்சியில் செருகியே ஆக வேண்டுமென்றால், சட்டையை மார்பு வரை தூக்கிப் பிடித்து, இடுப்பை முன்தள்ளி, பின்னால் சாய்ந்து, கண்ணால் பார்த்து, மெதுவாக. அதில் அவசரம் என்று ஒன்று கிடையாது.

ஆடை விஷயத்தில் மட்டும் நமக்கு யோகம். சட்டை தொப்பையின் முகட்டிலிருந்து நேராகக் கீழே விழும், அதற்குக் கீழே இருப்பதெல்லாம் சன்ஷேடுக்கு அடியில் நிற்பதைப் போல. ஒட்டும் டீ-ஷர்ட் வேண்டாம், கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை போதும். வேட்டிக்கு வழியே இல்லை, நான் தேடவும் இல்லை. பியர்லாந்து மீனாட்சி கோயிலுக்குப் போகிற நாளில் துப்பாக்கி வீட்டு லாக்கரிலேயே இருக்கும். பிள்ளைகள் இருக்கும் வீடு, லாக்கர் கட்டாயம். அஜாக்கிரதையாக விட்டு, 17 வயதுக்குட்பட்டவர் கையில் சுடத் தயாரான துப்பாக்கி கிடைத்துவிட்டால் டெக்சஸில் அது குற்றம். லைசென்ஸ் உள்ளவரும் துப்பாக்கியை மறைத்துக் கொண்டுவரக் கூடாது என்கிற 30.06 பலகை வைத்த கடை, வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவில் வருகிறது என்று காட்டும் 51 சதவீதச் சிவப்புப் பலகை தொங்கும் மதுக்கூடம், தபால் நிலையம், இவை எதற்குள்ளும் என் துப்பாக்கி போகாது.

டாக்டர் 15 கிலோ குறைக்கச் சொல்லியிருக்கிறார். இதுவரை ஆறு குறைந்திருக்கிறது. தனி பெல்ட்டை இரண்டு விரல் இறுக்கியாயிற்று, ஆனால் கைப்பிடி மறுபடி சட்டையைத் தள்ளிப் பார்க்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு செருப்பை வெட்ட வேண்டும்.