மர்மெலாடா: வெள்ளையா, சிவப்பா?

இலையுதிர் காலம் வந்தால் போர்ச்சுகல் சந்தைகளில் மர்மேலோ குவியும். க்வின்ஸ் பழம்தான். பச்சையாகக் கடித்தால் துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடிக்கும்; சர்க்கரையோடு வெந்தால்தான் வழிக்கு வரும். அதைச் சர்க்கரையோடு கிளறி, துண்டு போடும் பதத்தில் எடுக்கும் இனிப்புதான் மர்மெலாடா. அதைக் கிளற வெள்ளை, சிவப்பு என்று இரண்டு வழி உண்டு. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நான் சிவப்பிலேயே நின்றுவிட்டேன்.

வெள்ளைக்குப் பேர்போனது லிஸ்பனை ஒட்டிய ஒடிவேலாஸ். அங்கிருந்த கன்னியர் மடத்தின் கைப்பக்குவம். தோலும் விதையும் நீக்கி வேகவைத்து, சல்லடையில் தேய்த்து, தனியாகக் காய்ச்சிய கெட்டிப் பாகில் விழுதைச் சேர்த்துக் கொஞ்ச நேரம்தான் கிளறுவார்கள். நிறம் மங்காது, பழத்தின் மணமும் தூக்கலாக இருக்கும். அழகில் இதுதான் ஒரு படி மேல்.

ஆனால் எல்லாம் பதத்தில் இருக்கிறது. வெள்ளையில் பாகுதான் ஆதாரம். இளகலாக இறக்கினால் துண்டு போட வராது, முற்றிவிட்டால் சர்க்கரை பூத்துவிடும். பிறகு சரிசெய்ய நீண்ட நேரம் கிளறினால் வெள்ளை நிறமே போய்விடும். சிவப்பில் அந்தப் பதற்றம் இல்லை. மேலே இருக்கும் பஞ்சைத் துடைத்துவிட்டுத் விதைப்பகுதியை நீக்கித் தோலோடு நறுக்கி, கிலோவுக்கு 800 கிராம் சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து வேகவைத்து, அரைத்து, சிறு தீயில் கிளற வேண்டியதுதான். துவர்ப்பைத் தரும் டானின்தான் சூட்டிலும் புளிப்பிலும் மெல்லச் சிவப்பாக மாறுகிறது. கரண்டியால் நடுவே இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிய வேண்டும், அந்தத் தடம் உடனே மூடக் கூடாது. அல்வா கிளறிய கைக்கு இது சட்டென்று பிடிபடும். பதம் வரவில்லையா, இன்னும் பத்து நிமிடம் கிளறலாம்; நிறம் ஆழமாகுமே தவிர ஒன்றும் கெடாது. கொதி தெறித்தால் மட்டும் சுட்டுவிடும், நீளமான மரக்கரண்டி வேண்டும்.

அப்புறம் இரண்டுக்கும் ஒரே வேலைதான். கிண்ணங்களில் ஊற்றி, மேலே ஆடை கட்டும்வரை சில நாள் காற்றாட, வெயில் பட வைத்து, காகிதத்தால் மூடுவது. சிவப்பு எனக்கு மாதக்கணக்கில் தாங்கியிருக்கிறது. வெள்ளையை அவ்வளவு நாள் வைத்துப் பார்த்ததில்லை, அதனால் அதில் உறுதி சொல்ல மாட்டேன். சர்க்கரையைக் குறைத்தால் எதுவானாலும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வெள்ளைக்கு ஒரு லாபம் உண்டு. ஜெல்லியை உறையவைக்கும் பெக்டின், சீவிய தோலிலும் விதையிலும்தான் அதிகம். அவற்றைக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரில் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் அருமையான ஜெல்லி கிடைக்கும். சிவப்புக்குத் தோல் உள்ளேயே போய்விடுவதால், மிஞ்சுவது விதைப்பகுதி மட்டும்தான். ஜெல்லி ஒரு சின்ன பாட்டில் தேறும்.