எம்ஜிபி ரேடியேட்டர்: அடைப்பு எடுப்பதா, கோர் மாற்றுவதா, அலுமினியத்துக்குப் போவதா?

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான எம்ஜிபி, இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் முக்கியமான ஒன்று. அதன் 1798 சிசி எஞ்சின் முழுக்க வார்ப்பிரும்பு. ரேடியேட்டரோ பித்தளை டேங்க், பித்தளை டியூப், செம்புத் தகடு என்று எல்லாம் ஈயப் பற்றில் நிற்பது. ஐம்பது ஆண்டு கழித்து அது சூட்டைத் தாங்காமல் போனால், மூன்று வழி இருக்கிறது: பழைய கோரையே (தண்ணீர் ஓடும் டியூபும், சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் தகடும் சேர்ந்த நடுப் பகுதி) திறந்து சுத்தம் செய்யலாம், டேங்கை வைத்துக்கொண்டு கோரை மட்டும் புதிதாகப் போடலாம், எல்லாவற்றையும் தூக்கிவிட்டு அலுமினிய ரேடியேட்டர் மாட்டலாம்.

பெரும்பாலானவர்கள் கசிவை வைத்து இதை முடிவு செய்கிறார்கள். அது தவறான அளவுகோல். கசிவை ஈயம் வைத்து அடைத்துவிடலாம். டியூபை விட்டு விலகிப்போன தகட்டை மீண்டும் ஒட்டவைக்க வழியே இல்லை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது தகட்டை.

கழற்றுவதற்கு முன்

சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடு ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், குறை காற்றோட்டத்தில்: விசிறி, பெல்ட், 1977 மாடலோ அதற்குப் பிந்தையதோ ஆனால் மின்விசிறியும் அதன் சுவிட்சும். நெடுஞ்சாலை வேகத்தில் ஏறினால்தான் ரேடியேட்டர் மேல் சந்தேகம் வர வேண்டும். எஞ்சின் சூடான பிறகு அணைத்துவிட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் கோரின் முகத்தைப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் அளந்து பாருங்கள். மேலிருந்து கீழே சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் சட்டென்று குளிர்ந்திருந்தால் அங்கே டியூப் அடைத்திருக்கிறது.

பிறகு தகட்டை விரல் நுனியால் மெல்லத் தள்ளுங்கள். நல்ல தகடு வளையும். கெட்டது பொடியாக உதிரும், அல்லது டியூபின் மேல் லொடலொடவென்று நகரும். டியூபும் தகடும் சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு வரிசையாகப் பூத்திருந்தால், அந்த இடத்தில் ஈயப் பற்று போய்விட்டது என்று பொருள். இப்படிப்பட்ட கோருக்குள் தண்ணீர் தாராளமாகவே ஓடும், கசிவும் இருக்காது. சூட்டை மட்டும் காற்றுக்குக் கொடுக்காது. சுத்தம் செய்யக் கொடுக்கும் பணம் வீணாவது இங்கேதான்.

பழைய கோரைச் சுத்தம் செய்வது

தகடு உறுதியாக இருந்தால் இதுவே மலிவான வழி, நல்ல வழியும்கூட. கழற்றிய ரேடியேட்டரின் கீழ் வாயை அடைத்து, நிரப்பி, சட்டென்று திறந்தால் தண்ணீர் கொட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தயங்கி வந்தால் அடைப்பு.

இலேசான துருவுக்கு, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்த வெந்நீரை ஊற்றிச் சில மணி நேரம் விட்டு, பின்னோட்டமாகத் தண்ணீர் அடித்து, சமையல் சோடா கரைசலால் அலசினால் போதும். கழிப்பறைக்கு ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டவே வேண்டாம். அது துருவோடு சேர்த்துப் பித்தளையையும் ஈயப் பற்றையும் தின்னும்.

அடைப்பு இறுகியிருந்தால் மேல் டேங்கின் ஈயத்தை உருக்கிக் கழற்றி, டியூப் ஒவ்வொன்றிலும் தட்டையான எஃகுக் கம்பியை விட்டு எடுக்க வேண்டும். இந்த டியூப் காகிதம் போல் மெல்லியது. அவசரப்பட்டுக் குத்தினால் சுவர் கிழியும். கிழிந்த டியூபை இரு முனையிலும் அடைத்துவிடலாம். ஒன்றிரண்டு போனால் பாதகமில்லை. ஐந்தாறு ஆகிவிட்டால் கோர் மாற்றும் வேலைக்கு வந்துவிட்டீர்கள்.

பற்றவைக்கும்போது பெயின்டும் களிம்பும் முற்றிலும் போய்ப் பித்தளை பளிச்சென்று தெரிய வேண்டும், இல்லையென்றால் ஈயம் உருண்டு ஓடும். துத்தநாகக் குளோரைடு ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் கரைசல்), பாதிக்குப் பாதி வெள்ளீயம் கலந்த ஈயம், சிறிய சுடர் போதும். பக்கத்து இணைப்பு உருகாதிருக்க அதன் மேல் ஈரத் துணி சுற்றுங்கள். முடிந்ததும் ஃபிளக்ஸை வெந்நீரில் கழுவாவிட்டால் அதே இடம் மறுபடி அரிக்கும். ஈயப் புகை நஞ்சு; திறந்த வெளியில் செய்யுங்கள்.

கசிவு அடைக்கும் திரவப் பாட்டில்களை இந்த வரிசையில் சேர்க்கவே கூடாது. ஓட்டையை அடைப்பதற்கு முன் அவை ஹீட்டரின் குறுகிய டியூபை அடைக்கும்.

கோர் மாற்றுவது

டேங்கும் பிராக்கெட்டும் நல்ல நிலையில் இருந்து தகடு மட்டும் போயிருந்தால், எங்கள் தேர்வு இதுதான். அசல் தோற்றம் அப்படியே நிற்கும், பொருத்தத்தில் சிக்கல் வராது, வெப்பம் கடத்தும் திறன் புதிய ரேடியேட்டருக்குச் சமமாகும், இன்னொரு இருபது ஆண்டு கழித்து மறுபடியும் திறந்து வேலை செய்யலாம்.

பட்டறையில் சொல்ல வேண்டியவை: கோரின் உயரம், அகலம், தடிமன், டியூப் வரிசை எண்ணிக்கை, ஓர் அங்குலத்தில் எத்தனை தகடு. இடம் இருக்கிறதே என்று நான்கு வரிசை கேட்பவர்கள் உண்டு. பின்வரிசைக்குப் போய்ச் சேரும் காற்று முன்வரிசைகளிலேயே சூடாகியிருக்கும். தடித்த கோர் காற்றைத் தடுக்கவும் செய்யும். ஆகவே வேகத்தில் சிறு லாபம், நெரிசலில் நட்டம். எஞ்சினோடு சுழலும் விசிறி உள்ள வண்டிகளில் விசிறிக்கும் கோருக்கும் உள்ள இடைவெளியும் சுருங்கும். அசல் தடிமனிலேயே, தகடு நெருக்கமாக உள்ள நல்ல கோர் போதும்.

டேங்கைப் பிரிப்பதற்கு முன் பக்கப் பிராக்கெட்டுகளின் துளையிலிருந்து துளைக்கு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எம்ஜிபியில் ரேடியேட்டர் இரும்புத் தடுப்புத் தகட்டோடு நேராக போல்ட் ஆகிறது. துளை சில மில்லிமீட்டர் விலகினாலும் போல்ட்டை இறுக்கும்போது கோர் முறுக்கப்பட்டு, சில மாதத்தில் டேங்க் ஓரம் விரியும்.

வேலை முடிந்து வந்ததும் தண்ணீர்த் தொட்டியில் அழுத்திச் சோதிக்கச் சொல்லுங்கள். பிரஷர் கேப்பின் (அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி) அளவைவிட 2–3 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) கூட இருந்தால் போதும். எம்ஜிபிக்கு ஆண்டைப் பொறுத்து 7, 10, 13 பி.எஸ்.ஐ. கேப்புகள் வந்தன. 7 கேப் வந்த வண்டிக்கு 13 போட்டால் கொதிநிலை சில டிகிரி உயரும்தான், ஆனால் பழைய ஹீட்டரும் ஹோஸும் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும். கருப்புப் பெயின்ட் ஒரு மெல்லிய பூச்சுக்கு மேல் வேண்டாம்.

அலுமினியம்

அலுமினியத்தின் வெப்பக் கடத்தல் செம்பில் சுமார் 60 விழுக்காடுதான். இருந்தும் நல்ல அலுமினிய ரேடியேட்டர் நன்றாகக் குளிர்விப்பதற்குக் காரணம் அதன் கட்டமைப்பு. டியூப் அகலமாக இருக்கும், தகடு உலையில் வைத்தே டியூபோடு உருகி இணைந்திருக்கும், இடையில் ஈயம் இல்லை. எடையும் வெகுவாகக் குறையும். எஞ்சினின் திறனைக் கூட்டியவர்களுக்கும் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்களுக்கும் இது சரியான தேர்வு. அசல் நிலை எஞ்சினுக்கு அசல் அளவே போதும். நல்ல கோர் இருந்தும் சூடு ஏறினால் குறை வேறெங்கோ இருக்கிறது, அலுமினியம் அதை மறைக்கத்தான் செய்யும்.

மலிவானவற்றில் இரண்டு இடங்களைப் பாருங்கள். டியூப் முனைகள் எபாக்சியால் ஒட்டப்பட்டிருந்தால் பின்னாளில் வெல்டிங் செய்ய முடியாது. சூட்டில் பசை விட்டுவிடும். பக்கப் பிராக்கெட்டின் வெல்டிங் இன்னொன்று: வண்டியின் உடல் முறுக்கு முழுவதும் அங்கே போகும், அலுமினியம் விரிசல் விடும். போல்ட்டுக்கு ரப்பர் வாஷர் வைத்து மிதக்கவிட்டால் விரிசலும் குறையும், இரும்போடு உரசி அரிப்பதும் குறையும். 1977 மாடலிலும் அதற்குப் பிந்தையவற்றிலும் விசிறி சுவிட்ச் ரப்பர் புஷ்ஷில் செருகப்பட்டது. புதிய ரேடியேட்டரின் துளை அதற்குப் பொருந்துகிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

கசிவு மின்னோட்டமும், அதாவது கூலன்ட் வழியாகப் பாயும் மின்சாரமும், அலுமினியத்துக்கு எதிரி. பேட்டரியின் எர்த் முனையில் (வண்டியின் உடலோடு இணைந்த முனை) மல்டிமீட்டரின் ஒரு முனையை வைத்து, மற்றதைக் கூலன்டில் மட்டும், உலோகத்தைத் தொடாமல் நனையுங்கள். விளக்கு, விசிறி எல்லாம் போட்ட நிலையிலும் 0.1 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. 0.3-ஐத் தாண்டினால் எஞ்சினின் எர்த் பட்டையைச் சரிசெய்யாமல் எந்தப் புது ரேடியேட்டரையும் மாட்டாதீர்கள்.

எதை மாட்டினாலும்

எஞ்சின் பிளாக்கில் துரு மண்டி இருக்கும்வரை புதுக் கோர் நிலைக்காது. பிளாக்கின் வடிகால் குழாயைத் திறந்தும் தண்ணீர் வராமல் இருப்பது வழக்கம். கம்பியால் குத்தினால் முதலில் செம்மண் சேறு போல் வந்து, பிறகுதான் நீர் ஓடும். தெளிவாக வரும்வரை இரு திசையிலும் அடித்து அலசுங்கள். மேல் ஹோஸ் ரேடியேட்டரில் நுழையும் வாயில் நைலான் காலுறைத் துண்டை வடிகட்டியாக வைத்து, முதல் நூறு கிலோமீட்டருக்குப் பின் கழற்றிப் பாருங்கள். அதில் தங்கும் துரு எல்லாம் உங்கள் புது டியூபுக்குள் போயிருக்க வேண்டியது.

தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடானதும் திறக்கும் வால்வு) 82 டிகிரி செல்சியஸ். வெப்ப நாடுகளில் 74. அதைக் கழற்றிவிட்டு ஓட்டுவது பலன் தராது. பித்தளை ரேடியேட்டருக்குச் சிலிகேட் கலந்த பழைய வகை எத்திலீன் கிளைக்கால் கூலன்ட், பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீருடன். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கரிம அமில வகைக் கூலன்ட் ஈயப் பற்றுக்கு ஏற்றதல்ல. ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி நிரப்பினால் காற்று தங்காது. வடித்த கூலன்டை நாயும் பூனையும் நக்கிவிடும், அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் அவற்றைக் கொல்லும். மூடிய கேனில் வையுங்கள்.