கீபோர்டை மாத்துறதா, லேஅவுட்டை மாத்துறதா? கைவலி வந்த பிறகு நான் பாத்த வித்தியாசம்

நுவரெலியா டவுன்ல ஒரு கொமியுனிகேஷன்ல (போன் பேச, டைப் அடிக்க சனம் வர்ற கடை) 11 வருசமா டைப் அடிக்கிறேன். விண்ணப்பம், ஈபிஎஃப் கடிதம், கல்யாணப் பத்திரிகை, தோட்டத்துப் பிள்ளைங்களோட ஒப்படைன்னு காலையில உக்காந்தா பொழுதுக்கும் கை ஓயாது. போன வருசம் வலது சுண்டுவிரல்ல ஆரம்பிச்ச வலி மணிக்கட்டு வரைக்கும் ஏறி ராத்திரி தூங்கவிடாம குடைஞ்சுச்சு, அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா மாத்திப் பாத்தேன்.

முதல்ல கீபோர்ட். கடையில இருந்தது சாதாரண மெம்ப்ரேன், கீக்கு அடியில ரப்பர் குமிழ், அடிமட்டம் வரைக்கும் அழுத்தினாத்தான் எழுத்து விழும். ஜனவரி மாசம் காலையில இங்க இருக்கிற குளிருக்கு (1,868 மீட்டர் உயரம், சும்மாவா) விரலும் விறைச்சு ரப்பரும் இறுகிப்போன மாதிரி இருக்கும். லெப்டொப் கீபோர்ட் லேசா இருக்கு, ஒண்ணு ஒண்ணரை மில்லிமீட்டர்தான் கீழ போகும், ஆனா நாள் முழுக்க அடிச்சா விரல் நுனி பலகையில குத்துற மாதிரி எரியுது. மெக்கானிக்கல் கீபோர்ட்ல ஒவ்வொரு கீக்கும் தனி சுவிட்ச், நிறத்தை வச்சுத்தான் வகை சொல்லுவாங்க. செரி கம்பெனியோட ரெட் சுவிட்ச் 4 மில்லிமீட்டர் இறங்கும், ஆனா 2 மில்லிமீட்டர்லயே எழுத்து விழுந்துரும், 45 கிராம் அளவு அழுத்தமே போதும். சுகம்தான், ஆனா விறைச்ச விரல் சும்மா பட்டாலே எழுத்து விழுந்துருது, அதனால எனக்கு நடுவுல ஒரு சின்ன தட்டு தெரியுற பிரவுன்தான் ஒத்துவந்துச்சு. புளூ வேணாம், கிளிக் கிளிக்னு சத்தம், பக்கத்துல போன் பேச வந்தவங்க திரும்பிப் பாப்பாங்க.

வலி குறைஞ்சுச்சு, போகல. கீபோர்டுக்குப் பின்னாடி இருக்கிற ரெண்டு காலையும் மடக்கினேன், மணிக்கட்டு மேல வளையாம நேரா நின்னுச்சு, இதுல இன்னும் கொஞ்சம் குறைஞ்சுச்சு, காசே செலவில்லை.

ஆனா உண்மையான காரணம் லேஅவுட், அதாவது எந்த எழுத்து எந்தக் கீயிலங்கிற அமைப்பு. என்னோடது பாமினி, பழைய பாமினி எழுத்துருவோட வந்த லேஅவுட். நான் பாமினியிலயே பழகின ஆள், அதை மட்டமா சொல்லல, ஆனா யோசிச்சுப் பாருங்க, பாமினியில புள்ளி எங்க இருக்கு? செமிகோலன் கீயில. தமிழ்ல புள்ளி வராத வரியே இல்லை, அத்தனையும் ஒரு சுண்டுவிரல் தலையில! அது போக கு, து, பு, ழு மாதிரி உகரத்துக்கெல்லாம் ஷிஃப்ட், அதுவும் சுண்டுவிரல்தான்.

நம்ம ஊரு சொல்லையே எடுப்போம், கொழுந்து. பாமினியில 7 கீ, கூட ரெண்டு தடவை ஷிஃப்ட், அதுவும் கொம்பை முதல்ல அடிச்சுட்டு பிறகு க, பிறகு கால், பழைய டைப்ரைட்டர் வழக்கம். இங்கிலீஷ் எழுத்துல ஒலியை வச்சு அடிக்கிற முறையில 9 கீ. தமிழ் 99ன்னு இன்னொரு லேஅவுட், அதுல 7 கீ, ஷிஃப்டே இல்லை. உயிர் எல்லாம் இடது கை, மெய் முக்கால்வாசி வலது கை, அதனால வலது இடதுன்னு கை மாறி மாறிப் போகுது, ந-வுக்குப் பின்னால த அடிச்சா புள்ளி தானா விழுந்துருது, தனியா புள்ளி வேணும்னாலும் அது இடது ஆள்காட்டி விரல்ல இருக்கு. குறையும் உண்டு, ச-வும் ய-வும் வலது சுண்டுவிரலுக்குத்தான் வருது.

1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுல வந்த லேஅவுட்தான் தமிழ் 99, ஆனா நம்ம நாட்டுத் தரம் எஸ்எல்எஸ் 1326 ரெங்கநாதன் லேஅவுட்டைத்தான் சொல்லுது, அதுவும் டைப்ரைட்டர் வழி வந்ததுதான்.

நான் மாறினப்போ மூணு வாரம் வேகம் பாதியா விழுந்து அழுகையே வந்துச்சு. பக்கக் கணக்குல காசு வாங்குற ஆளுன்னா வேலை குறைஞ்ச மாசமா பாத்து மாறுங்க, அதுவரைக்கும் பாமினி முறையிலயே யூனிகோட் அடிக்க என்எச்எம் ரைட்டர்னு ஒரு சொஃப்ட்வெயார் இருக்கு. எப்பவாச்சும் போன்ல நாலு வரி அடிக்கிறவங்களுக்கு ஒலி முறையே போதும்.

இப்ப கடையில புதுசா சேந்த தங்கச்சிக்கு எந்த லேஅவுட்டும் தெரியாது, நேரா தமிழ் 99லயே உக்கார வச்சுட்டேன். கீபோர்ட் அந்தப் பழைய மெம்ப்ரேன்தான், காலை மடக்கி வச்சிருக்கேன்.