நாலு சென்சர் பட்டியா, பதினாலு சென்சர் ஹெட்செட்டா, ஜெல்லா? எங்கள் மூளை அலை ஆய்வுக்குக் கருவி தேடிய கதை

நாங்கள் ஐந்து பேர். மொழியியல் படிக்கிற இருவர், கணினி படிக்கிற இருவர், உளவியல் பாடம் எடுக்கிற ஒருத்தி. வந்தாறுமூலையில் ஒரு வாடகை வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு மூன்று மாதமாக ஒரே விஷயத்தைத்தான் பேசினோம், தலைத்தோலில் சென்சர் வைத்து மூளையின் மின் அலையைப் பதிகிற ஈஈஜி கருவிகளில் எதை வாங்குவது என்று. மட்டக்களப்பிலோ ஒலுவில் பக்கமோ இதே யோசனையில் வேறு மாணவர்கள் இருந்தால் இதை வாசித்துவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

முதலில் எங்களுக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மாறினால் தீர்ப்பும் மாறும். "மீனவர் வாவியில் வலையை வீசினார்" என்ற வாக்கியத்தைச் சொல் சொல்லாகத் திரையில் காட்டினால் மூளை சாதாரணமாக வாசித்துவிட்டுப் போகும். "மீனவர் வாவியில் வலையைக் குடித்தார்" என்று முடித்தால், அந்தக் கடைசிச் சொல் வந்து கிட்டத்தட்ட 400 மில்லிசெக்கனில் அலை எதிர்ப்பக்கமாக இறங்கும். மூளை ஆய்வாளர்கள் மார்தா கூட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980இல் ஆங்கில வாக்கியங்களை வைத்து எழுதிய விஷயம், பெயர் என்-400. தமிழில் வினை கடைசியில் வருவது எங்களுக்கு வசதி, அதிர்ச்சியை வாக்கிய முடிவுவரை தள்ளி வைக்கலாம். எங்கள் கேள்வி இதற்கு ஒரு படி அப்பால்: எழுத்துத் தமிழாக ஓடுகிற வாக்கியம் திடீரென்று எங்கள் ஊர்ப் பேச்சு வடிவில் முடிந்தால், பொருள் சரியாக இருந்தும் மூளை தடுக்குமா?

இந்த அலை உச்சந்தலையிலும் அதற்குச் சற்றுப் பின்னாலும்தான் நன்றாகத் தெரியும். அளவோ சில மைக்ரோவோல்ட்தான். ஒரு தடவை கண் சிமிட்டினாலே 100 மைக்ரோவோல்ட் அளவில் எழும்பும், அதற்குள் இதைத் தேட வேண்டும். ஆகவே ஒரே வகை வாக்கியத்தை 36 தடவை காட்டிச் சராசரி எடுத்தால் இரைச்சல் ஆறில் ஒன்றாகக் குறையும் என்ற வர்க்கமூலக் கணக்கை நம்பித்தான் எல்லாமே நடக்கிறது.

சரி, கருவிகளுக்கு வருவோம். முதலாவது, மியூஸ் மாதிரியான மலிவு நெற்றிப்பட்டி. நெற்றியில் இரண்டு, காதுக்குப் பின்னால் இரண்டு என்று நாலு இடம், தலைமுடிக்குள் ஒன்றுமே போகாது, ஒரு நிமிடத்தில் மாட்டிவிடலாம். கண்ணை மூடினால் 8 முதல் 13 ஹேர்ட்ஸ் வரையான அல்ஃபா அலை எழுவதைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்ட அதே அலையை நம்மூர் வகுப்பறையில் பார்ப்பது சின்ன விஷயமே இல்லை. ஆனால் எங்களுக்கு வேண்டிய உச்சந்தலையில் இதற்கு மின்வாயே (தோலைத் தொடுகிற சென்சர்) கிடையாது, அதனால் விலக்கினோம்.

இரண்டாவதான இமோட்டிவ் எப்பொக் ஹெட்செட்டில்தான் நாங்கள் ஏமாறப் பார்த்தோம். பதினாலு அலைவரிசை, உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சு, பார்க்கவும் ஆய்வுக்கருவி மாதிரி இருக்கிறது. எங்கள் குழுவில் மூன்று பேர் இதற்கே வாக்குப் போட்டார்கள், நானும் அதில் ஒருத்தி. அப்புறம்தான் உளவியல்காரி மின்வாய்ப் படத்தை விரித்துப் பென்சிலால் ஒவ்வொன்றாக வட்டமிட்டாள். பதினாலும் இடமும் வலமுமாகவே நிற்கின்றன, உச்சந்தலை வழியாகப் போகிற நடுக்கோட்டில் ஒன்றுகூட இல்லை! எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள், இடத்தைப் பாருங்கள். விலையோடு மென்பொருள் சந்தாவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்பதும் மாணவர்களுக்குப் பாரம்தான்.

மூன்றாவது, ஓப்பன்பிசிஐ சைட்டன் போர்டு. எட்டே அலைவரிசை, செக்கனுக்கு 250 மாதிரிகள், 24 பிட். எட்டையும் நாங்கள் விரும்பிய இடத்தில் வைக்கலாம் என்பதுதான் இதன் முழுப் பலம். மூக்கின் வேர்ப்பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரை நாடாவால் அளந்து, காதுக்குக் காதும் அளந்து, இரண்டின் பாதியும் சந்திக்கிற இடத்தில் ஒரு புள்ளி. மின்வாய் இடங்களைக் குறிக்க 1958இல் வந்த 10-20 முறை அப்படித்தான் தொடங்குகிறது, தையல் நாடாவே போதும். நாலு ஏ.ஏ. பற்றரியில் ஓடுவதால், லப்டொப்பையும் சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டால், சுவர் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் நன்றாகக் குறையும், கரண்ட் போனாலும் பாதியில் நிற்காது.

நேரத்தை மட்டும் கவனிக்க வேண்டும். சொல் திரையில் வந்த கணத்துக்கும் பதிவில் குறி விழுகிற கணத்துக்கும் இடையில் தாமதம் இருக்கும். அது எப்போதும் ஒரே அளவென்றால் கழித்துவிடலாம், ஒவ்வொரு தடவையும் மாறினால் சராசரி எடுக்கும்போது அலை தேய்ந்து பரவிவிடும். என்-400 அகலமான அலை, 10, 20 மில்லிசெக்கன் ஆடினால் தாங்கும், 100 தாங்காது. திரையின் மூலையில் ஒரு ஒளி உணரியை ஒட்டி, சொல் வரும்போது அந்த மூலையும் வெள்ளையாகும்படி வைத்து, உணரியைப் போர்டின் கூடுதல் உள்ளீட்டு முனையில் கொடுத்தால் மூளை அலையும் ஒளிக்குறியும் ஒரே கோப்பில் பதியும். மூடின ஹெட்செட்டில் இப்படிக் கை வைப்பது கஷ்டம்.

ஆனால் போர்டை முடிவு செய்த பிறகும் சண்டை ஓயவில்லை. உலர் மின்வாயா, தோலுக்கும் மின்வாய்க்கும் இடையில் ஜெல் பூசுகிற வகையா? உலர் மின்வாய்க்குச் சீப்புப் பல் மாதிரிக் கால்கள், முடியை விலக்கித் தோலைத் தொட வேண்டும். இரவல் வாங்கிய ஒரு உலர் தொப்பியை எங்களுக்குள்ளேயே போட்டுப் பார்த்தோம். மொட்டை மாதிரி வெட்டியிருந்த தம்பிக்கு அழகாக வந்தது. எனக்கு, தேங்காய் எண்ணெய் வைத்து இடுப்புவரை வளர்த்த முடி, நாற்பது நிமிடம் அழுத்தி அழுத்திப் பார்த்தும் பாதி அலைவரிசை கிடைக்கவில்லை, தலைவலிதான் மிச்சம். எங்கள் பங்கேற்பாளர்களில் பாதிக்கு மேல் பெண்கள். முடி நீளமானவர்களைத் தவிர்த்துவிட்டு ஆய்வு செய்தால் அது மட்டக்களப்புத் தமிழ் வாசகர்களைப் பற்றிய ஆய்வே அல்ல, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆகவே ஜெல்தான். ஜெல் என்றால் முடியை வகிர்ந்து, தோலை மெல்லத் தேய்த்து, வெள்ளி–வெள்ளிக்குளோரைட்டு மின்வாயை வைத்து, தோலுக்கும் மின்வாய்க்கும் இடையிலான மின்தடை 5 கிலோஓம்முக்குக் கீழே இறங்கும்வரை பொறுமை வேண்டும். முதல் நாள் இரவே ஷாம்பு போட்டு முழுகி, எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னால் வேலை பாதி முடிந்தது. வியர்வை இரண்டுக்கும் எதிரி. சித்திரை வெயிலில் மூடின அறையில் இருத்தினால் கோடு முழுவதும் மெதுவாக அலைந்து திரியும். ஆகவே ஏசி உள்ள அறை, இல்லாவிட்டால் காலை ஏழு மணி. மின்விசிறி வயரை ஆட்டாமல் தள்ளியிருக்கட்டும்.

பர்தா அணிகிற தோழிகளுக்குத் தனி அறை, பெண்களே மின்வாய் வைப்பது, கதவைத் தட்டாமல் யாரும் உள்ளே வராமல் இருப்பது, இதை நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கிறோம். ஒப்புதல் படிவத்தில் இன்னொரு வரியும் உண்டு, பக்கத்து வீட்டு மாமியால் வந்தது. "தலைக்குள்ள கரண்ட் ஏத்துவீங்களா மனே?" என்று கேட்டார். இல்லை மாமி, இது கரண்ட் ஏத்துகிற கருவி இல்லை, உள்ளே இருப்பதைக் கேட்கும், அவ்வளவுதான் என்றேன். அதையே படிவத்தின் முதல் வரியாக வைத்தோம்.

ஆஸ்பத்திரி மெஷினைக் கேட்டுப் பார்க்கலாமே என்பவர்களுக்கு: வலிப்பு நோயாளிகள் காத்திருக்கிற வரிசையில் நாங்கள் போய் நிற்பது சரியில்லை என்று பட்டது. பதிவை அலசுகிற மென்பொருளில் ஈஈஜிலேப் நல்லதுதான், ஆனால் பெரும்பாலும் மாட்லேப் என்ற கட்டண மென்பொருளின் உரிமம் கேட்கும், ஆகவே பைத்தனில் இலவசமாக ஓடுகிற எம்என்இ.

ஜெல்லில் ஒரே பெரிய குறை, முடிந்த பிறகு தலை கழுவ வேண்டும். ஈரத்தலையோடு ஒரு பிள்ளையை பஸ்ஸில் ஏற்றி ஏறாவூருக்கோ களுவாஞ்சிகுடிக்கோ அனுப்ப முடியாது. ஆகவே அறை தேடும்போது முதலில் பார்த்தது பக்கத்தில் குழாய் இருக்கிறதா என்பதைத்தான். கிடைத்துவிட்டது. துவாய் இருபது, ஷாம்பு, ஹெயார் ட்ரையர் ஒன்று, எல்லாம் மின்வாய்க்கு நேர் கீழே அதே பட்ஜெட் தாளில் எழுதியிருக்கிறோம்.